கலசத்தில் மாட்டிய கொக்கி

கும்பாபிஷேகத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே துரைசாமி பச்சைக் கொடி வாங்கி வைத்துவிட்டார். சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் பட்டிலேயே எடுத்து, ஓரம் அடித்து, ஒரு பிரம்பில் கோத்து, வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்க வேண்டும், கேட்டால் சொல்லலாம் என்பது திட்டம். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

விஷயம் இதுதான். லிட்டில் இந்தியாவின் பின்தெரு ஒன்றில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. நல்ல நேரம் கூடியதும் ராஜகோபுரத்தின் உச்சியில் இருந்து ஒருவர் பச்சைக் கொடி அசைப்பார். அதைப் பார்த்துக் கோபுரத்திலும் உள்ளே இருக்கும் விமானங்களிலும் ஒரே சமயத்தில் கலசங்களுக்குப் புனித நீர் ஊற்றுவார்கள். போன முறை அசைத்தவர் அப்போதைய கோயில் தலைவர். இப்போதைய தலைவர் துரைசாமி. வயது அறுபத்தெட்டு. அடுத்த முறை எண்பது ஆகிவிடும், எண்பது வயதுக்காரரை யாரும் கோபுரத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே தனக்கு மிச்சமிருக்கும் கடைசி ஆசை இது ஒன்றுதான் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்.

"போன மாசம் மூவார் போய் டுரியான் பழம் சாப்பிடறதுதான் கடைசி ஆசைன்னீங்க" என்றார் அவர் மனைவி பூவம்மா.

அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அதே மேசையில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகள் வசந்தகுமாரிக்குத்தான் சோறு இறங்கவில்லை. கோபுரத்துக்குச் சாரம் கட்டும் நிறுவனத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவள் அவள். யார் மேலே ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று கையெழுத்துப் போடுகிற கை அவளுடையது. மாமனாரை ஏற்றினால் சொந்தக்காரருக்குச் சலுகை என்பார்கள். ஏற்றாவிட்டால் வீட்டில் குடியிருக்க முடியாது. ஏற்றி, அவர் விழுந்துவிட்டால் என்ன என்பதை அவள் முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை. முன்பு துவாஸில் ஒரு வேலையிடத்தில் ஓர் ஆள் சாரத்திலிருந்து விழுந்ததை அவள் நேரில் பார்த்தவள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் விழுந்த சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அவளுடைய ஒரே நம்பிக்கை மருத்துவர். உயரத்தில் வேலை செய்கிறவருக்கு உடல் தகுதி வேண்டும், மாமாவுக்கோ ரத்த அழுத்தம். மருத்துவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் துரைசாமி ஆறு வாரம் ஊறுகாயைத் தொடவில்லை, கருவாட்டைத் தொடவில்லை, சுவா சூ காங் ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை தினமும் நடந்தார். நடப்பது அவருக்குப் புதிதில்லை. வாசலிலேயே, மேம்பாலத்தில் ஓடும் எல்ஆர்டி ரயில் நின்றாலும் அவர் ஏறியதில்லை. அது ஆடுகிறது, நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார். மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, அவர் வயதில் இப்படி ஒருவரைக் கண்டதில்லை என்று பாராட்டி அனுப்பினார்.

"ஷிப்யார்டுல நான் ஏறாத உயரமா?" என்றார் துரைசாமி.

முப்பது வருடம் கப்பல் பட்டறையில் இருந்தது உண்மை. ஸ்டோரில் இருந்தார். ஸ்டோர் தரைத்தளத்தில் இருந்தது. இதைப் பூவம்மா சொல்லவில்லை, சட்டியை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

அடுத்தது பயிற்சி. மேலே ஏறப்போகும் குருக்கள்மார்களும் துரைசாமியும் புக்கிட் பாத்தோக்கில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனார்கள். வெற்று மார்பும் குடுமியுமாக வந்து உட்கார்ந்த வகுப்பைப் பார்த்துப் பயிற்றுநர் முதலில் அறை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பழகிக்கொண்டார். பூணூல் பாதுகாப்புப் பட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. உள்ளே என்று முடிவானது. காலணி இல்லாமல் ஏறக் கூடாது என்றார் பயிற்றுநர், காலணியோடு ஏறவே கூடாது என்றார் தலைமைக் குருக்கள். அடியில் ரப்பர் பதித்த காலுறை என்று சமாதானம் ஆனார்கள். கடைசியில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு மேடை. எல்லோரும் ஏறி, கொக்கியை மாட்டி, கழற்றி, இறங்க வேண்டும்.

"தலைக்கு மேல, எப்பவும் அசையாத ஒன்னுல மாட்டணும்" என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார். துரைசாமி தலையாட்டினார். மேடையில் ஏறினார், இறங்கினார், தேறினார். சான்றிதழ் அட்டையை வீட்டில் கொடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இதற்குள் வசந்தகுமாரிக்குக் கோயில் கமிட்டியோடு தனியாக ஒரு போர். கும்பத்தின் மேல் இருக்கிற தேங்காய் உயரத்திலிருந்து விழக்கூடிய பொருள், அதை வலைப்பையில் கட்டித்தான் மேலே கொண்டுபோக வேண்டும் என்றாள். கோபுரத்துக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது என்றாள். தண்ணீர் தலையில் படத்தானே ஜனங்கள் அங்கே நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். தண்ணீர் படட்டும், தேங்காய் பட வேண்டாம் என்றாள். தண்ணீரைக் குழாயில் எடுத்து, தள்ளி நிற்கிற கூட்டத்தின் மேல் தூவுவது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, பெண்கள் கோபுரத்தில் ஏறுவது இந்தக் கோயிலில் வழக்கமில்லை, ஆகவே அன்றைக்கு வசந்தகுமாரி கீழேயே இருந்தால் நல்லது என்று ஒரு பேச்சு வந்தது. பேச்சைக் கொண்டுவந்தவர் தலைவர்.

மாமனார் தன்னை இப்படிக் கழற்றிவிடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுருக்கென்றது. ஆனாலும் சண்டை போடவில்லை. தேங்காயில் அவர்கள் இறங்கி வந்தார்கள், இதில் தான் இறங்கிப் போகலாம் என்று விட்டாள். மேல்தளத்துக்கு ஒரு தளம் கீழே சாரத்தின் மேற்பார்வையாளர் இப்ராஹீம் நிற்பதாக ஏற்பாடு. சாரத்தைக் கட்டியவரே அவர்தான், அவரைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே எட்டிச் சுவரில் செருகுகிற மூங்கில் கழியில் துணி காயப் போடும்போது பூவம்மாவிடம் பொருமினாள்.

"நான் மேல இருந்தா அவர நோண்டுவேன்னு நெனைக்கிறாரு அத்தை."

"அந்த மனுஷன் ஒரு துணி காயப் போட்டிருப்பாரா இந்த வீட்டுல? கேட்டா, இது ஆம்பள செய்யற வேலையாங்கறாரு" என்றார் பூவம்மா. அவருக்கு எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். நியாயம்தான். துரைசாமி மீன் கழுவுவார், இஸ்திரி போடுவார், கழிவறை கூடத் தேய்ப்பார். அதெல்லாம் எப்படி ஆம்பளை வேலை ஆனது என்று அந்தப் பதினான்காவது மாடி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கும்பாபிஷேகத்தன்று வானம் வெளுத்திருந்தது. மின்னல் எச்சரிக்கை இல்லை, காற்று இல்லை. வசந்தகுமாரி விடியலிலேயே மேலே போய், யாரும் பார்ப்பதற்குள், மேல்தளத்தில் கட்டியிருந்த எஃகுக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். கொக்கிகளை அந்தக் கயிற்றில்தான் மாட்ட வேண்டும். மறக்காமலிருக்க அதில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள்.

எட்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, அதன் மேல் பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசத்தில் சந்தனப் பொட்டு, இடுப்பில் கொடி என்று துரைசாமி நின்ற கோலத்தைப் பார்த்துப் பூவம்மா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். வசந்தகுமாரி ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தாள். மாமனாரின் பட்டையை இரண்டு முறை இழுத்தாள்.

"ரெண்டு கொக்கி இருக்கு மாமா. ஒன்ன கழட்டுனா இன்னொன்னு மாட்டியிருக்கணும். ரெண்டையும் சேத்துக் கழட்டக் கூடாது."

"எனக்குத் தெரியாதா? சர்ட்டிபிகேட் வாங்குனவன்லா."

போனார். சாரத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்ததால் உள்ளே படிகள் மட்டும்தான் தெரியும், வெளியே ஊர் தெரியாது. அவர் தலைமைக் குருக்களின் முதுகைப் பார்த்தபடி ஏறினார். மேல்தளத்தில் மட்டும் வலை கிடையாது. கொடி எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வீதி முழுக்கத் தலை. நேரலைக் கேமரா ஒன்று கோபுரத்தை நோக்கி நிமிர்ந்திருந்தது. வசந்தகுமாரியின் தோளில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"அம்மா, நான் குருக்கள் பேசறேன். கொஞ்சம் மேல வாங்கோ."

"என்ன சாமி, யாருக்காவது முடியலையா?"

"எல்லாரும் க்ஷேமம். தலைவர் கலசத்தை விட மாட்டேங்கறார்."

அவளுக்குப் புரியவில்லை. "நான் மேல வரக் கூடாதுன்னு முடிவாச்சே சாமி. இப்ராஹீம் பாய் இருக்காரே?"

இப்போது இப்ராஹீமின் குரல் வந்தது. "நான் சொல்லிப் பாத்துட்டேன் வசந்தா. கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு."

அவள் ஓடினாள். ஓடக் கூடாது என்று அவளே எழுதி ஒட்டியிருந்த பலகையைத் தாண்டித்தான் ஓடினாள். வழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, வழியை விட்டார்கள்.

மேல்தளத்தில் குருக்கள்மார்கள் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். அவரவர் கொக்கி மஞ்சள் துணி சுற்றிய கயிற்றில் ஒழுங்காக மாட்டியிருந்தது. நடுக்கலசத்தடியில் துரைசாமி. இரண்டு கொக்கியையும் கலசத்தின் கழுத்தில் மாட்டி, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்து, கன்னத்தை அதில் வைத்து, கண்ணை மூடியிருந்தார். பூசை ஆன கலசத்தைக் குருக்களே தொடத் தயங்குவார்கள். குருக்கள் முகத்தில் கோபம் இல்லை, என்ன பரிகாரம் செய்வது என்ற யோசனைதான் இருந்தது.

"மாமா."

"செக் பண்ண வந்தியா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "எல்லாம் ஓகே. மாட்டியிருக்கேன்."

"கலசத்துல மாட்டக் கூடாது மாமா. அந்தக் கயித்துல மாட்டணும்."

"தலைக்கு மேல, அசையாத ஒன்னுல மாட்டுன்னுதான சொன்னான். இத விட அசையாதது இங்க எது இருக்கு? சொல்லு."

கலசம் என்பது உள்ளே தானியம் நிரப்பிய செப்புப் பாத்திரம், போன வாரம்தான் பதித்தார்கள், பாரம் வந்தால் அதுவும் அவரோடு சேர்ந்து வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கலசத்தின் மேல் கன்னம் வைத்திருக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் அவருடைய முழங்கால்களைப் பார்த்தாள். பட்டு வேட்டிக்குள் அவை தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. எல்ஆர்டியில் ஏறாத மனிதர். ஜன்னலோரம் துணி காயப் போடாத மனிதர். எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், சோம்பேறித்தனம் என்றும் ஆம்பளைத் திமிர் என்றும் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. தன்னைக் கோபுரத்தில் ஏற விடாமல் செய்ததும் அதற்காகத்தான். இந்தக் கோலத்தை மருமகள் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு இத்தனை படி ஏறி வந்திருக்கிறார்.

விதிப்படி என்ன செய்வது என்பதில் சந்தேகமே இல்லை. உயரத்தில் உறைந்துபோன ஆளைக் கீழே இறக்க வேண்டும். கொடியைக் குருக்கள் அசைத்துவிடுவார். கேமரா பார்த்துக்கொண்டிருக்க, வீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தலைவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்குவார்கள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருப்பார், ஆனால் கோயில் பக்கம் போக மாட்டார்.

"நேரம் ஆயிடுத்து" என்றார் குருக்கள் மெதுவாக.

வசந்தகுமாரி குரலை உயர்த்தினாள். குருக்கள்மார்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

"சாமி, மன்னிச்சுக்குங்க, தப்பு என்னோடது. கீழயே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். கொடி அசைக்கிறவருக்குக் கை ஃப்ரீயா இருக்கணும்லா? அதனால அவரு உக்காந்துதான் அசைக்கணும், சேஃப்டி ஆளு பின்னாடி இருந்து பெல்ட்டப் புடிச்சிருக்கணும். அது ரூல். நான் இல்லாம தலைவர் ஆரம்பிக்க முடியாது. அதான் அவரு வெயிட் பண்ணிருக்காரு."

இருபது வருடமாகச் சாரம் கட்டுகிற இப்ராஹீம் அடுத்த கீழ்த்தளத்திலிருந்து தலையை நீட்டினார்.

"ஆமா. ரூல் இருக்கு" என்றார்.

அவள் துரைசாமியின் பின்னால் மண்டியிட்டாள். தன்னுடைய இரண்டு கொக்கியையும் கயிற்றில் மாட்டிக்கொண்டு, அவர் முதுகுப் பட்டையை இடது கையால் இறுகப் பிடித்தாள்.

"நான் புடிச்சிருக்கேன் மாமா. ஒரு கொக்கிய மாத்தறேன்."

"ஒன்னு மட்டும்."

"ஒன்னு மட்டும்தான். இன்னொன்னு அம்மன்கிட்டயே இருக்கட்டும்."

மாற்றினாள். கயிற்றில் அது 'டக்' என்று பூட்டிய சத்தத்தைக் கேட்டு அவர் கொஞ்சம் மூச்சு விட்டார். பிறகு அடுத்ததையும் கேட்காமலே மாற்றிவிட்டாள். அவர் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் பேசவில்லை. ஒரு கையை விடச் சொன்னாள். வெகுநேரம் கழித்து விட்டார். அந்தக் கையில் கொடியை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த கையை விட மறுத்துவிட்டார். அதை அவள் தன் மணிக்கட்டில் மாற்றி வைத்துக்கொண்டாள். கலசத்தைப் பிடித்த அதே பிடி. எலும்பு வலித்தது.

"இப்ப" என்றார் குருக்கள்.

துரைசாமி உட்கார்ந்தபடி, கண்ணை மூடியபடி, கொடியைத் தூக்கி அசைத்தார். முதலில் சின்னதாக. கீழே எழுந்த சத்தம் காதில் விழுந்ததும் பெரிதாக. குடங்கள் சாய்ந்தன. கலசத்தில் வழிந்த தண்ணீர் அவர் தலைக்கவசத்தில் தெறித்து, மூடிய கண்ணிமைகளில் இறங்கியது. வீதியில் ஜனங்கள் வானத்தைக் காட்டிக் காட்டி ஏதோ கத்தினார்கள்.

"கருடன் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு மாமா."

வசந்தகுமாரி மேலே பார்க்கவில்லை. அவள் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்குவதற்கு நெடுநேரம் ஆனது. அதற்கும் ஒரு விதி இருப்பதாக அவள் சொன்னாள். கொடி அசைத்தவர் கடைசியாகத்தான் இறங்க வேண்டும், பின்னோக்கித்தான் இறங்க வேண்டும், கீழே பார்க்கவே கூடாது. தண்ணீர் பட்டதே எல்லாவற்றுக்கும் பரிகாரம் என்று குருக்கள் தம் பங்குக்கு ஒரு விதி சொன்னார். தரையில் கால் பட்டதும் துரைசாமி கண்ணைத் திறந்தார், தலைக்கவசத்தைக் கழற்றினார், கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சு இல்லை. காணொளியைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டாத உறவினர் பாக்கியில்லை. பின்னால் மருமகள் பிடித்திருப்பது தெரியும் இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, தலையில் அடித்துக்கொள்வார். "ரூலாம். என்ன பண்றது? நான் பாட்டுக்கு நின்னு அசைச்சிருப்பேன். இந்தக் காலத்துல எதுக்கெடுத்தாலும் சேஃப்டி, சேஃப்டி." வசந்தகுமாரி காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே போய்ச் சிரிப்பாள் என்றுதான் பூவம்மா நினைத்தார். ஒருமுறை எட்டிப் பார்த்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூவம்மா தேக்கா சந்தைக்குப் போயிருந்தார். வசந்தகுமாரி சமையலறை ஜன்னலைத் திறந்து, ஈரத்துணி கோத்த முதல் மூங்கில் கழியைத் தூக்கினாள். பின்னால் காலடிச் சத்தம் வந்து வாசற்படியில் நின்றது.

"வசந்தா."

"என்ன மாமா?"

"அந்த ரூல். நெசமாவே இருக்கா?"

அவள் திரும்பவில்லை. "இருக்கு மாமா."

"இப்ராஹீமக் கேட்டேன். அவனும் இருக்குங்கறான்."

"இருக்குதான?"

"ம்." அவள் கழியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "அப்ப இதுக்கும் இருக்கணுமே."

காலடி மெல்ல உள்ளே வந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி. குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்து, மேடையைப் பிடித்து, ஜன்னலுக்கு ஓர் அடி முன்னால் வந்து நின்றது. வசந்தகுமாரி கண்ணோரத்தில் பார்த்தாள். துரைசாமி ஒரு கையால் தண்ணீர்க் குழாயை இறுகப் பிடித்திருந்தார். கண் மூடியிருந்தது. இன்னொரு கை காற்றில் துழாவி, அவள் சட்டையின் முதுகைக் கண்டுபிடித்து, கொத்தாகப் பற்றிக்கொண்டது.

"போடு. நான் புடிச்சிருக்கேன்" என்றார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டி, கழியை மெல்லச் செருகினாள். அன்றைக்கு ஒரு கழிக்கே போதுமான துணிதான் இருந்தது. அதை அவள் மூன்று கழிகளில் காயப் போட்டாள்.